கரப்புக்குள் கருடன்

தங்கச்சி வீட்டுக்குப் போய் வந்ததைப் பயணக் கட்டுரை என்று எழுதினால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். இலண்டனுக்குப் போன என் பெரியம்மாவின் மகள் இரண்டு இடத்தில்தான் கடவுச்சீட்டைக் காட்டினாளாம். நான் திருகோணமலைப் பட்டினத்தில் இருந்து வெருகல் ஆற்றுப் பக்கம் போய்ச் சேருவதற்குள் அடையாள அட்டையை ஐந்து தரம் எடுத்தேன். ஒரே மாவட்டம்தான். இடையில் சண்டை பிடித்த இரண்டு பகுதிக்காரரின் சாவடிகள். ஒப்பந்தம் எழுதி வெடிச்சத்தம் கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம் அது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கோபத்தைப் பொறுக்கச் சொல்லி மட்டும் கேட்க மாட்டேன்.

தங்கச்சி செல்வியின் ஊரில் ஆற்றங்கரை அம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. சண்டையில் கூரை போய், சுவர் மட்டும் நின்றது. அகதி முகாமில் இருந்து திரும்பிய சனம் கையில் இருந்ததைப் போட்டுக் கட்டி, பங்குனியில் கும்பாபிசேகம் என்று நாள் வைத்தார்கள். கோபுரத்துக் கலசத்தைப் பட்டினத்தில் செம்பு வேலை செய்கிற கன்னாரிடம் கொடுத்திருந்தது. அதைக் கொண்டுபோக என்னைத்தான் பிடித்தார்கள். ஆம்பிளைகள் போனால் சாவடியில் மறித்து வைத்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கோயில் காரியம், காணிக் காரியம் எல்லாவற்றுக்கும் ஓடித் திரிந்தது பெண்டுகள்தான். எனக்கு ஐம்பது வயது. மாதத் தீட்டு நின்று போனதால் கலசத்தைத் தொடவும் தடையில்லை. விரதம் பிடித்து, மச்ச மாமிசம் விட்டு, பழைய கூறைச் சேலையில் கலசத்தைச் சுற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

முதல் சாவடியிலேயே கூத்துத் தொடங்கியது. சேலையை அவிழ்க்கச் சொன்னான் சிப்பாய். அடி உருண்டு, நடு பெருத்து, நுனி கூர்ந்து நிற்கிற செம்பைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனான். மற்றவனைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னான். பட்டினத்துப் பழக்கத்தில் எனக்கு விளங்கும்.

"செல் குண்டு மாதிரி இருக்கு. கிழவியைப் பார்த்தால் சாமிக்காரி மாதிரி இருக்கு."

"சாமிக்காரியிடமே கேள்."

"அம்மா, உள்ளே என்ன?" என்று தமிழில் கேட்டான்.

"காத்து" என்றேன்.

தட்டிப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான். நிலத்தில் வைக்காதீர் தம்பி என்று நான் சொல்லச் சொல்ல மேசை ஓரத்தில் வைத்தான். அது உருண்டு கல்லில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் வயிற்றில் ஒரு நெளிவு. ஒரு மணித்தியாலம் வெயிலில் நிற்க வைத்து, பெரியவன் ஒருவன் வந்து பார்த்துச் சிரித்த பிறகுதான் விட்டார்கள். அம்மாளே, அந்த நெளிவை என் நெஞ்சில் போட்டிருக்கலாம்.

துறையில் பாதை ஏறினோம். வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி ஆற்றைக் கடத்துகிற இரும்பு மிதவையை நாங்கள் பாதை என்போம். நடு ஆற்றில் அதன் இயந்திரம் நின்றுபோனது. ஆளுக்கொரு தடி எடுத்து ஊன்றினார்கள். பக்கத்தில் இருந்த கிண்ணியாப் பெண் அவிச்ச சோளன் ஒன்றை நீட்டினாள். நான் தயங்கியதைக் கண்டு சிரித்தாள்.

"விரதமா ராத்தா? பயப்படாதீங்க. விடியல்ல இருந்து சோளன் மட்டும்தான் தொட்ட கை. மீன் நாத்தம் இரிக்கான்னு மணந்து பாருங்க."

மணந்து பார்க்கவில்லை. வாங்கித் தின்றேன். உப்புப் போட்டு அவித்த சோளன், நல்ல பசி. அந்த ஆற்றில் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அக்கரையில் பஸ் இல்லை. ஓடும் என்று சொன்னார்கள், ஓடவில்லை. தோப்பூரைச் சேர்ந்த அசனார் நானாவின் உழவு மெசின் பெட்டியில் இடம் கிடைத்தது. அறுபது வயதிருக்கும், சாரத்தை மடித்துக் கட்டிய மெலிந்த மனிதர். ஆற்றுப் புல்வெளியில் மாட்டுப் பட்டி வைத்திருக்கிறவர், தங்கச்சி வீட்டாருக்கும் பழக்கம். பெட்டி முழுக்கச் சுண்ணாம்பு மூட்டை. நான் கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு மூட்டை மேல் குந்தினேன்.

"இவ்வளவு சுண்ணாம்பும் வெத்திலைக்கோ நானா?" என்று பகிடியாகக் கேட்டேன்.

"மாட்டுக்கு" என்றார்.

"மாடு சுண்ணாம்பு தின்னுமோ?"

"செத்த மாட்டுக்கு."

ஆறு பங்குனி வெயிலில் ஒடுங்கிக் கிடந்தது. இரண்டு பக்கமும் இலுக்குப் புல் காய்ந்து, கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே மஞ்சள். கரையில் மட்டும் மருத மரங்கள் பச்சையாக நின்றன. மெசின் திடீரென்று நின்றது. புல்லுக்குள் ஒரு செத்த கன்று கிடந்தது. அதைச் சுற்றி நாலைந்து காகம் செத்துக் கிடந்தன. கொஞ்சம் தள்ளி ஒரு கடற்பருந்து, வெள்ளை வயிறு மேலே தெரிய. அதற்கு அங்கால் ஒரு கருடன்.

கருடன் என்றால் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செங்காவி உடம்பு, வெள்ளைக் கழுத்து. வானத்தில் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற பறவை. அது நகத்தைப் பொத்திக்கொண்டு, வாயில் நுரையோடு மண்ணில் கிடந்தது. நான் கையெடுத்தேன், கும்பிடுவதா அழுவதா என்று தெரியவில்லை.

அசனார் நானா மண்வெட்டியை எடுத்து இறங்கினார். கன்றின் வயிற்றுக்குள் தடியால் கிளறிக் காட்டினார். ஊதா நிறக் குருணை. வயலுக்குப் போடுகிற பூச்சி மருந்து.

"நரி கன்று பிடிக்குதெண்டு வைக்கிறானுகள். நரி தின்னுதோ இல்லையோ, இதுகள் தின்னுது. ரெண்டு பெருநாளைக்கு முந்தி ஒரு மாடு செத்தா வானம் மறைக்கும். இப்ப நான் விரல்ல எண்ணுறன்."

குழி வெட்டத் தொடங்கினார். எனக்கு நேரம் போகிற ஆத்திரம். "நானா, பொழுது சாயப்போகுது. நாளைக்கு வந்து குழியில தாட்டால் ஆகாதோ?"

"நாளைக்கு இதைத் திண்டு சாக இன்னும் நாலு வரும்" என்றார். திரும்பியும் பார்க்கவில்லை.

வெட்கம் வந்தது. கலசத்தைப் பெட்டியில் வைத்து இறங்கிச் சுண்ணாம்பு அள்ளிப் போட்டேன். உங்களுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"சண்டைக்குள்ள என்ட பட்டியில செல் விழுந்து ஒரே நாளில பத்து மாடு போச்சு. நாங்களும் ஓடிட்டம், புதைக்க ஆளில்ல. ஒரு மாசத்தால திரும்பி வந்தன். நாத்தம் இல்ல, புழு இல்ல. வெள்ளை வெளேரெண்டு எலும்பு மட்டும் கிடந்திச்சு. மத்த மாட்டுக்கு நோய் வரல்ல. ஆர் துப்புரவாக்கின? இதுகள்தான். அதுக்கு நான் ஒண்டும் குடுக்கல்ல தங்கச்சி. இப்ப இந்தக் குழிதான் குடுக்கிறன்."

இன்னொன்றும் சொன்னார். சண்டை நடந்த காலத்தில் பசளையும் பூச்சி மருந்தும் இந்தப் பக்கம் வர விடமாட்டார்களாம். அதனால் பறவைகள் இருந்தன. ஒப்பந்தம் வந்தது, வழி திறந்தது, மருந்து மூட்டை மூட்டையாக வந்தது. செல்லுக்குத் தப்பிய சீவன்களைச் சமாதானம் கொன்றது.

"ஆர் நானா வைக்கிறது?"

"பேரைக் கேக்காதீங்க. இந்தப் பக்கம் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்" என்று மெசினைக் கிளப்பினார்.

தங்கச்சியின் புருசன் தவராசாதான் அந்தக் கோயில் வண்ணக்கர். கோயில் நிருவாகத்தைப் பொறுப்பாகப் பார்க்கிறவரை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வது. நல்ல மனிதர், பக்தி உள்ளவர். அகதி முகாமிலும் அம்மனின் பித்தளை விளக்கைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவர். சேலையை அவிழ்த்து நெளிவைக் கண்டதும் முகம் கறுத்தது.

"மச்சாள், இதைக் கவனமாக் கொண்டுவரத்தானே உங்களைக் கேட்டது?"

"சிப்பாயிடம் போய்க் கேளுங்கோ மச்சான்" என்றேன்.

குருக்கள் வந்து திருப்பித் திருப்பிப் பார்த்து, "நெளிவை மேற்குப் பக்கம் வைச்சால் சனத்துக்குத் தெரியாது. அம்மாளுக்குத் தெரியும், அவ பேசாமல் இருப்பா" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது. கும்பாபிசேகத்துக்கு முதல் நாள் பின்னேரம்தான் கலசத்தை ஏற்றுவது. அதுவரை என் கையில் இருக்கட்டும் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை குசினிக்குள் செல்வியோடு பயற்றம் பணியாரத்துக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தேன். வெளியே கீறுகிற சத்தம் ஒன்று விட்டு விட்டுக் கேட்டது. கோழி என்று நினைத்தேன். ஆற்றில் மீன் கவிழ்க்கிற கரப்பு ஒன்று, கூடை மாதிரித் தடியால் பின்னியது, குசினிக்குப் பின்னால் கல் பாரம் வைத்துக் கவிழ்த்துக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். தடி இடுக்கால் ஒரு கண் என்னைப் பார்த்தது. கருடன். இரண்டு காலும் நைலோன் நூலால் கட்டிக் கிடந்தது.

செல்வி தலையைக் குனிந்தாள். "இவர்தான் அக்கா. மீனுக்குள்ள கண்ணி வைச்சுப் பிடிச்சவர். நாளைக்குக் கும்பம் ஊத்தேக்க விடுறதுக்கு."

கும்பம் ஊற்றுகிற நேரத்தில் கருடன் வந்து கோபுரத்தைச் சுற்றினால்தான் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். நானும் நம்புகிறவள்தான், இன்றும். ஆனால் கட்டிப் பிடித்து வைத்து அவிழ்த்து விடுகிற கருடனை எந்தச் சாத்திரத்தில் கண்டார்கள்? அம்மாளின் கண்ணைக் கட்டுகிற வேலை இல்லையா இது?

மச்சான் வந்ததும் கேட்டேன். அவர் சத்தம் போடவில்லை. கதிரையில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மச்சாள், சண்டைக்கு முதல் நடந்த கும்பாபிசேகத்தில கருடன் வரேல்லை. ரெண்டு மாசத்தில ஊர் எரிஞ்சுது. என்ட அண்ணரையும் அதிலதான் குடுத்தனான். நாளைக்கும் வராட்டில் இந்தச் சனம் இஞ்ச இருக்காது. பாதிப் பேர் இப்பவே பெட்டி கட்டி வைச்சுக்கொண்டுதான் இருக்குதுகள்."

அவர் சொன்னது பொய் இல்லை. அந்தச் சனத்தின் பயம் எனக்கும் தெரியும். ஒரு நாள்தானே, நாளைக்கு விடத்தானே போகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மாப் பிசையப் போனேன். அதற்கு என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

மத்தியானம் அசனார் நானா படலையில் நின்று கூப்பிட்டார். வேர்த்து ஒழுகியது.

"வண்ணக்கர், ஆத்தடி மருதில கூடு ஒண்டு இரிக்கி. குஞ்சு பொரிச்சு இரண்டு கிழமை. நேத்து நாங்க தாட்டது ஆண். பொட்டையை முந்தாநாள்ல இருந்து காணல்ல. குஞ்சு வாயைத் திறந்தபடி கிடக்கு, சத்தமும் குறைஞ்சிட்டு. எங்கயும் செத்துக் கிடக்கக் கண்டீங்களோ?"

"காணேல்லை" என்றார் மச்சான்.

கரப்பு அந்த நேரம் பார்த்துக் கீறியது. நானாவின் பார்வை குசினிப் பக்கம் போனது. "ஆத்தடியில நிக்கிறன்" என்று சொல்லித் திரும்பி நடந்தார்.

நான் பின்னால் போய் மாட்டுக் கொட்டிலைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது, கால் போனது. கூரை வளையில் ஒரு பை தொங்கியது. வெளியே நெற்கதிர்ப் படம், உள்ளே ஊதாக் குருணை, பாதி தீர்ந்திருந்தது.

"நேற்று அந்தக் கன்று உங்கட கன்றோ?"

"நரி நாலு கன்றைக் கொன்றுபோட்டுது மச்சாள். நான் வேற என்ன செய்ய?"

நான் வீட்டுக்குள் போய்ச் சாமி அறையில் இருந்த கலசத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் குந்தினேன்.

"பின்னேரம் கலசம் ஏத்த வேணும். தாங்கோ" என்றார் மச்சான்.

"கரப்பைத் திற. தாறன்."

அதுவரை அவரை நீங்கள் என்று கதைத்த வாய். செல்வி விக்கித்துப்போய் நின்றாள்.

"நாளைக்குக் கருடன் வராட்டில்?"

"கட்டின கருடன் வந்தால் மட்டும் அம்மாள் ஏமாறுவாளோ? அதின்ட புருசனை மருந்து வைச்சுக் கொன்றாய். பெண்சாதியைக் கட்டி வைச்சிருக்கிறாய். குஞ்சு அங்க பசியில கிடக்குது. இதுக்கு மேல நெளிஞ்ச கலசம் ஒண்டு வைச்சு என்ன, பொன் கலசம் வைச்சு என்ன? மருந்துப் பையையும் கொண்டு வா. அதையும் தந்தால்தான் எழும்புவன்."

இரண்டு மணித்தியாலம் அப்படியே இருந்தேன். கோயிலடியில் இருந்து ஆள் மாறி ஆள் வந்து கெஞ்சினார்கள். ஒரு கிழவர், "பட்டினத்து ஆக்களுக்குப் பிடிவாதம் கூட" என்றார். ஓம், கூடத்தான் என்றேன். நல்ல நேரம் முடியக் கொஞ்சம் இருக்கையில் மச்சான் எழும்பிப் போய்க் கல்லைத் தள்ளினார். தன் சால்வையைப் போட்டுப் பறவையைப் பிடித்தார். நான் கத்தரிக்கோலால் நூலை வெட்டினேன். முடிச்சு தோலுக்குள் இறங்கியிருந்தது. இரண்டாவது நூல் அறுந்ததும் அது என் மணிக்கட்டைக் கிழித்துக்கொண்டு போனது. வேலியில் மோதி, விழுந்து, பிறகு எழும்பி ஆற்றுப் பக்கம் பறந்தது. அந்தத் தழும்பை இந்தக் கட்டுரை எழுதும்போதும் பார்க்கிறேன்.

மறுநாள் கும்பம் ஊற்றுகிற நேரம். கோபுரத்தோடு கட்டிய மரச் சாரத்தின் மேல் குருக்கள் குடத்தோடு நின்றார். மேளம் உச்சத்தில். முழு ஊரும் அண்ணாந்து நின்றது. வானம் வெறுமையாக இருந்தது. இரண்டு காகம் போனது. நேரம் இழுபட்டது. ஒரு பெண் விம்மத் தொடங்கினாள். "அண்டைக்கு மாதிரித்தான். அம்மாள் வேண்டாமெண்டிட்டா" என்று ஒரு கிழவி சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. கோயில் சபையில் வாய் திறந்து பழக்கமில்லாதவள் நான்.

"மேல பார்த்துக்கொண்டு நிண்டு என்ன? கீழ பாருங்கோ. உங்கட வரம்பில, உங்கட மாட்டுக் கொட்டிலில பாருங்கோ. வரவேண்டியதை நீங்களே கொன்றுபோட்டு அம்மாளில பழி போடுறியளோ? அவ வேண்டாமெண்டு சொல்லேல்லை. வாறதுக்கு ஆள் இல்லை."

மேளம் நின்றுவிட்டது. நான் ஒரு பெயரும் சொல்லவில்லை. மச்சான்தான் முன்னால் வந்தார், ஈர வேட்டியோடு.

"கன்றுக்குள்ள மருந்து வைச்சது நான். கருடனைக் கட்டி வைச்சிருந்ததும் நான். அம்மாள் கோவிக்கிறதெண்டால் என்னைக் கோவிக்கட்டும், ஊரை இல்லை."

சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். எத்தனை கொட்டிலில் அந்தப் பை தொங்கியதோ, அவரவர் முகத்தில் தெரிந்தது. குருக்கள் மேலே இருந்து, "நேரம் போகுது, ஊத்தட்டோ?" என்று கேட்டார். ஊற்றினார். நெளிந்த கலசத்தில் தண்ணீர் வழிந்து வந்தது. அந்த அழகில் என் கண் நிறைந்தது என்று எழுதினால் பொய். எனக்குக் கோபம் ஆறவில்லை.

அடுத்த நாள் அசனார் நானாவின் மெசினில்தான் திரும்பினேன். ஆற்றடியில் நிறுத்தி, மருத மரத்தைக் காட்டினார். கூட்டின் விளிம்பில் பொட்டை ஒற்றைக் காலில் நின்றது. முடிச்சு இறங்கியிருந்த மற்றக் காலை மடித்து வைத்திருந்தது. கீழே இருந்து ஒரு சின்னத் தலை எழும்பியது.

"ஒத்தைக் காலோட வேட்டையாட ஏலாது. நேத்துல இருந்து ரெண்டு ரெண்டு மீன் மணலில போடுறன், எடுக்குது" என்றார் நானா. பிறகு, "ஊர் ஓடல்ல, பாத்தீங்களா?" என்றார். அது உண்மை. பெட்டி கட்டியவர்கள் எவரும் அன்று வெளிக்கிடவில்லை.

மச்சான் தந்த மருந்துப் பை என் கையில் இருந்தது. ஆற்றில் கொட்டினால் மீன் சாகும், புதைத்தால் கிணறு கெடும் என்று நானா சொன்னபடியால் பட்டினத்துக்கே கொண்டுவந்தேன்.

அதே சாவடி. கலசத்தை நெளித்த அதே சிப்பாய். "அம்மா, பையில் என்ன?"

"நஞ்சு" என்றேன்.

எட்டிப் பார்த்தான். நெற்கதிர்ப் படத்தைக் கண்டான். "ஆ, வயல் மருந்து. போங்க."

"தம்பி, அண்டைக்குச் செம்பைத் தட்டிப் பார்த்தனீர். இதையும் ஒருக்காத் தட்டிப் பாரும்."

அவனுக்கு விளங்கவில்லை. பின்னால் நின்றவர்கள், "நடவுங்கோ அம்மா" என்று தள்ளினார்கள். எதிர்ப்பக்கமாக ஒரு லொறி நின்றது. நெற்கதிர்ப் படம் போட்ட பெட்டிகள் கூரை மட்டும் அடுக்கி இருந்தன. வெருகல் பக்கம் போகிற லொறி. சிப்பாய் தாளைப் பார்த்தான், கையைக் காட்டினான், அது போனது. என் கலசத்துக்கு ஒரு மணித்தியாலம் எடுத்த கை அது.

பை இன்னும் என் வீட்டு இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதை எங்கே கொட்டுவது என்று விவசாயக் கந்தோரிலும் கேட்டேன், மருந்துக் கடையிலும் கேட்டேன். விற்கத் தெரிந்த ஒருவருக்கும் கொட்டத் தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து, காலைக் கழுவி, விளக்கேற்றிப் போட்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "சுண்ணாம்பு ரெண்டு மூட்டை வாங்குங்கோ. தோப்பூருக்கு அனுப்ப வேணும்."

"என்னத்துக்கு? அங்க ஆருக்கு வெள்ளையடிக்க?" என்றார்.

"செத்த மாட்டுக்கு" என்றேன்.